வில்கமுவவில் நான்கு வாரங்கள்

சென்ற மாதம் எமது மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகும் ஒரு அம்மா மட்டும் பாயிலேயே இருந்தார். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று முந்திய கூட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் கற்கண்டு தந்தவர் அவர். அன்று அந்தச் சந்தோசம் முகத்தில் இல்லை.

"பிள்ளையை விடலாமோ தங்கச்சி? சிங்கள ஊர். எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. ஒருத்தனை இழந்தது காணாதே எனக்கு?"

'பயப்படாதீங்கோ' என்று சொல்வது இலகு. ஆனால் பயம் எங்கிருந்து வந்ததென்று தெரிந்தவர்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்பது இந்த வேலையில் நான் முதலில் கற்ற பாடம். ஆகவே பதில் சொல்லாமல், 2014ஆம் ஆண்டு நான் மாணவியாக இருந்தபோது வில்கமுவ என்ற ஊரில் ஒரு சிங்களக் குடும்பத்தோடு நான்கு வாரம் தங்கிய கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதை மற்றத் தாய்மாருக்கும் சொல்லுங்கோ" என்றார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடல் கடந்து வந்த தோழி

நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். 2009இல் அம்மாவும் தங்கையும் நானும் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அண்ணா வந்து சேரவில்லை. இன்றுவரை அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்து, பரீட்சை எழுதி, பேராதனையில் சமூகவியல் படிக்கப் போனேன். விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் ஒன்றாகவே இருப்போம், ஒன்றாகவே சாப்பிடுவோம், ஒன்றாகவே குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போவோம். சிங்களப் பிள்ளைகளோடு ஒரு சிரிப்பு மட்டும்தான். மூன்றாம் ஆண்டு வரையும் கண்டியில் இருந்தேன். கண்டியில் வாழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்த நேரம்தான் அமெரிக்காவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எனக்கு அறிமுகமானாள். அமெரிக்கக் கல்லூரிகள் சில கூட்டாக நடத்திய 'ஐல்' என்ற திட்டம் 1982இல் தொடங்கியது. அதன் கீழ் வரும் மாணவர்கள் கண்டியில் ஒரு செமஸ்டர் தங்கிப் படிப்பார்கள். விடுதியில் அல்ல, கண்டிக் குடும்பங்களின் வீடுகளில் தங்குவார்கள். சிங்களம் படிப்பார்கள், பௌத்தமும் வரலாறும் படிப்பார்கள். கடைசிப் பகுதியில் தாங்களே ஒரு விடயத்தைத் தெரிவுசெய்து ஊருக்குள் போய் ஆய்வு செய்வார்கள்.

அவள் தெரிவுசெய்தது யானைத் தொல்லை உள்ள ஊர்களில் பெண்களின் வாழ்க்கை. துணைக்கு வருவதாக இருந்த சிங்கள மாணவி வர முடியாமற் போக, விரிவுரையாளர் ஒருவர் என்னைக் கேட்டார். "என் சிங்களம் அரைகுறை, சேர்" என்றேன். "அவளுடைய சிங்களமும் அரைதான். இரண்டையும் சேர்த்தால் ஒன்றாகிவிடும்" என்று சிரித்தார். நாட்கூலியும் உண்டு. அந்தப் பணம் எனக்கு வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் எடுத்து, "படிப்பு விசயமா மாத்தளைக்குப் போறன்" என்று மட்டும் சொன்னேன். மாத்தளை என்றதும் முத்துமாரியம்மன் கோயிலை நினைத்து அம்மா ஆறுதலாகியிருப்பார். வில்கமுவ என்றோ, சிங்கள வீடு என்றோ நான் சொல்லவில்லை. அது பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீருக்குள் போன ஊர்கள்

வில்கமுவ மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலிக் கரையில் இருக்கிறது. கண்டியிலிருந்து மகியங்கனைப் பாதையில் பஸ் ஏறினோம். தெல்தெனியவைத் தாண்டும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. பழைய தெல்தெனிய நகரம் அதற்குள்தான் கிடக்கிறது. 1985இல் அணை திறக்கப்பட்டபோது வீடு, வயல், கடைத்தெரு எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. மக்கள் வேறு இடங்களில் குடியேற்றப்பட்டார்கள்.

இடம்பெயர்வு என்ற சொல் எங்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைத்திருந்தேன். அணைக்காக எழும்புவதும் ஷெல்லுக்காக ஓடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்க்க முடியாத பெண்கள் இந்தப் பாதையிலும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி.

பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற மலைப்பாதையில் பஸ் இறங்கியது. மலை ஏறிப் பழகாத எனக்கு வயிற்றைப் பிரட்டியது. கீழே ஹசலக்க. ஆனையிறவில் ஒரு பழைய புல்டோசரை நினைவுச் சின்னமாக வைத்திருப்பதை ஏ9 வீதியால் போகிறபோது நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். 1991இல் அந்த இடத்தில் இறந்த காமினி குலரத்ன என்ற இராணுவ வீரரின் ஊர் இதுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் வழக்கம்போலக் கச்சான் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கைகள் குளிர்ந்தன.

ஹசலக்கவில் பெருவீதியை விட்டு வடக்கே திரும்பினோம். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலை, மறுபக்கம் மகாவலி. மினிப்பே அணையிலிருந்து வரும் இடதுகரைக் கால்வாய் 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வில்கமுவ வயல்களுக்கும் தண்ணீர் தருகிறது. கார்த்திகை மாதம், மழைக்காலம். விதைத்த வயல், சேறு மணம், கொக்கு, மதகில் குளிக்கும் பிள்ளைகள். பனை இல்லை என்பதைத் தவிர எங்கள் வன்னிதான். ஹெட்டிபொலவில் இறங்கினோம். வில்கமுவ பிரதேசத்தின் கடைத்தெரு அது.

யார் வெளியூர்?

நாங்கள் தங்கிய வீட்டில் அம்மா, அப்பச்சி இருவரும்தான். சிங்களத்திலும் அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். அந்த இரண்டு சொற்களும் முதல் நாளே எனக்கு உதவின. மகளைச் சிங்களத்தில் 'துவ' என்பார்கள். வாசலிலேயே எங்கள் இருவரையும் "துவே" என்று கூப்பிட்டுப் பிளேன்ரீ தந்தார்.

முதல் சில நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். அக்கம்பக்கத்தவர் வந்து தோழியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எத்தனை சகோதரர், அங்கே நெல் விளையுமா, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். என்னிடம் ஒரு கேள்விதான்: "எந்த ஊர்?" "கிளிநொச்சிப் பக்கம்" என்றதும் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். ஓரிடத்தில் என் அடையாள அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள், அவளுடைய கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. அவள் பல்லாயிரம் மைல் தாண்டி வந்தவள். நான் ஒருநாள் பஸ் பயணத்தில் வந்தவள். ஆனால் எங்கள் இருவரில் வெளிநாட்டவளாக இருந்தது நான்தான்.

மொழியிலும் அப்படித்தான். மூன்று மாதம் படித்த சிங்களத்தை அவள் கூச்சமில்லாமல் பேசினாள். பிழை விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். எனக்கோ வாய் திறக்குமுன் நெஞ்சு அடிக்கும். ஏனென்று ஒருநாள் அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சிங்களத்தைக் கண்டியில் ஒரு வீட்டுக் குசினியில் கற்றவள். நான் கேட்ட முதற் சிங்கள வாக்கியம் "ஐடென்டி கார்ட் கோ?" என்பது. ஒரு மொழி எந்த வாயிலிருந்து முதலில் நம் காதுக்கு வருகிறதோ, அந்த முகம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. வில்கமுவ அம்மாவின் குசினியில்தான் அந்த ஒட்டு மெல்லக் கழன்றது. மல்லுங் என்று அவர் செய்ததைப் பார்த்தால் எங்கள் வறை. குரக்கன் மாவில் தலப என்று கிளறினார், அது எங்கள் களிக்குத் தங்கச்சி. "உங்கள் வீட்டில் எப்படி?" என்று அவர் கேட்பார். ஒடியல் கூழை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்குவதற்கு ஒரு பின்னேரம் முழுதும் போனது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

வெடிச் சத்தம்

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இரவு. படாரென்று வெடித்தது. அடுத்து இன்னொன்று. கண் விழித்தபோது நான் கட்டிலுக்குக் கீழே, சீமெந்துத் தரையில், காதுகளைப் பொத்தியபடி கிடந்தேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பக்கத்துக் கட்டிலில் தோழி விறைத்துப்போய் இருந்தாள்.

அம்மா விளக்கோடு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். "அலி, துவே, அலி" என்றார். அலி என்றால் யானை. வயலுக்குள் இறங்கிய யானையைக் கலைக்க ஊரார் கொளுத்திய யானைவெடி அது. நான் வெளியே வரவில்லை. அவர் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் என் பக்கத்தில் இருந்து, விடியும் வரை முதுகைத் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஊரில் யானைச் சத்தம் இல்லாத மாதம் குறைவு. பக்கத்திலேயே வஸ்கமுவ தேசிய பூங்கா. மகாவலித் திட்டத்தால் காடு இழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984இல் அறிவிக்கப்பட்டது. 'வலஸ்' என்றால் சிங்களத்தில் கரடி. கரடிகள் உள்ள காடு என்பதால் அந்தப் பெயர் வந்ததாம். எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் போர் நடந்ததாக ஊரார் நம்பும் மேடொன்றும் அந்தக் காட்டுக்குள் இருக்கிறது. யானைகளுக்குக் காட்டின் எல்லையும் வயலின் எல்லையும் தெரியாது. முந்திய வருடம் அம்மாவின் குசினிச் சுவரையே ஒரு யானை இடித்தது. உள்ளே நெல் மூடை இருந்தது. நாடு முழுவதிலும் 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள் என்றால் நிலைமை விளங்கும்.

பகலில் தோழியோடு வீடு வீடாகப் போனோம். இரவுக் காவல் ஆண்களின் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆண் பரணில் கண்விழித்தால் அடுத்த நாள் அவருடைய பகல் வேலை பெண்ணின் தலையில் விழுகிறது. வெளிச்சம் வருமுன் தண்ணீருக்குப் போக முடியாது. பிள்ளையைத் தனியே பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது. நட்டஈட்டுப் படிவத்தோடு அலுவலகத்துக்கு அலைவதும் பெரும்பாலும் பெண்தான். படிவமும் அலுவலகமும் எங்களுக்குத் தெரியாதவையா?

புஸ்ஸெல்லயாய என்ற கிராமத்தில் தோடை மரங்கள் நட்ட வளவுகளைப் பார்த்தோம். இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் 1990களின் பிற்பகுதியிலிருந்து அப்பகுதியில் வேலை செய்கிறது. யானைக்குத் தோடை, எலுமிச்சை வகைகள் பிடிக்காது. வீட்டைச் சுற்றி அவற்றை நட்டால் யானை வருவது குறையும், பழம் விற்றால் காசும் வரும் என்பது அவர்களின் யோசனை. வெளிநாட்டு மாணவர்களும் தொண்டர்களும் அங்கே வந்து தங்கி உதவுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் யானை நடமாடும் பாதையைப் பத்திரமாகக் கடக்க ஒரு பஸ் சேவையும் பின்னர் வந்தது. யானையைக் கொல்லவும் வேண்டாம், மனிதர் சாகவும் வேண்டாம், ஒரு மரம் நடுவோம் என்ற அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

சுவரில் இருந்த படம்

நான் இதுவரை எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்கியது. இராணுவச் சீருடையில் ஒரு இளைஞன். முதல் நாளே கண்டேன். கண்டதும் சாப்பாடு இறங்கவில்லை. இரவில் தோழியிடம், நாளைக்கே திரும்புவோம் என்றேன். "நீ சொன்னால் திரும்புவோம்" என்றாள் அவள். காலையில் அம்மா முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் அம்மா கூட்டுகிற அதே இழுப்பு. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று நின்றுவிட்டேன்.

வெடி வெடித்த இரவுக்கு அடுத்த நாள் அவரே தொடங்கினார். மூத்த மகன். அப்பச்சிக்குச் சிறுநீரக நோய் வந்த பிறகு வயல் வருமானம் போதவில்லை, படையில் மாதச் சம்பளம் உண்டு என்று சேர்ந்தான். வீட்டின் சீமெந்துத் தரை அவனுடைய சம்பளத்தில் போட்டது. இளைய மகள் பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மகன் 2009 ஜனவரியில் இறந்தான். மூடிய பெட்டி வந்தது, திறந்து பார்க்க விடவில்லை.

"கடிதத்தில் விசுவமடு என்று இருந்தது. உனக்கு அந்த ஊர் தெரியுமா?"

தெரியும். அதே மாதம் அதே ஊரில் ஒரு பங்கருக்குள் நான் இருந்தேன்.

"அங்கே மரம் இருக்கா? நிழல் இருக்கா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, அந்த ஜனவரியில் அந்த மரங்களுக்குக் கீழே நான் கண்டவை. அதை நான் சொல்லவில்லை. "இருக்கு அம்மா. மாமரம், தென்னை. ஒரு குளமும் இருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, "நீ எங்கே இருந்தாய்?" என்றார். சொன்னேன். அண்ணாவைப் பற்றியும் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. யார் யாரிடம் கேட்பது? எங்களுக்கு நடந்ததற்கு அந்தக் குசினியில் தீர்ப்பு எழுத முடியாது. அடுப்பில் சோறு கொதித்தது, இருவரும் அழுதோம்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். ஊர்ச் சந்தியில் அவருடைய மகனின் பெயர் எழுதிய பஸ் தரிப்பிடம் ஒன்று இருந்தது. அங்கே நின்று பஸ் ஏறும்போதெல்லாம் எனக்குள் ஒரு கசப்பு வரும். எங்கள் பக்கத்தில் இறந்தவரின் பெயரை ஒரு கல்லில் எழுதக்கூட அஞ்சிய காலம் அது. அந்தக் கசப்பை அந்த அம்மாவின் மேல் வைக்க முடியாது. அதற்காக அது இல்லையென்று சொல்லவும் முடியாது.

போயா நாளுக்கு முதல் நாள் அவர் என்னைக் கேட்டார்: "விகாரையில் மகனுக்காகப் புண்ணியம் கொடுப்பேன். உன் அண்ணாவின் பெயரையும் சொல்லட்டுமா?"

எனக்குத் திடுக்கென்றது. "வேண்டாம் அம்மா. அது இறந்தவர்களுக்கு. அண்ணா வருவார் என்றுதான் எங்கள் அம்மா இருக்கிறார்."

அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். 1989இல் அக்காவின் மகனை இரவில் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. சாகும் வரை அக்கா அவனுக்குத் தானம் கொடுக்கச் சம்மதிக்கவே இல்லையாம். "அப்படியென்றால் போதி பூஜை செய்வோம். அது உயிரோடு இருப்பவர்களுக்கு" என்றார்.

அந்தப் போயா, அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இலங்கைக்கு வந்த நாளென்று கொண்டாடப்படுவது. அவர் வந்திறங்கியது வடக்கே, யாழ்ப்பாணக் கரையில் என்பது மரபு. அதே தினங்களில்தான் எங்கள் கார்த்திகை விளக்கீடும் வந்தது. வாசலில் நான் சிட்டி விளக்கு ஏற்றினேன். அம்மா எண்ணெய் விட்டார். விகாரையில் வெள்ளரசைச் சுற்றி அவர் தண்ணீர் ஊற்றியபோது என் அண்ணாவின் பெயரை உச்சரித்தது கேட்டது. தமிழ்ப் பெயர், சிங்கள உச்சரிப்பு. காணாமல் போனவரின் பெயரை எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் அன்போடு சொல்லிக் கேட்டது, அவர் தொலைந்த பிறகு அதுதான் முதல் தடவை.

பெண்களின் சுமை

வில்கமுவவில் பெண்கள் குடும்பம் நடத்தும் வீடுகள் பல கண்டேன். சில வீடுகளில் போர், சில வீடுகளில் யானை, பல வீடுகளில் சிறுநீரக நோய். 1990களில் வட மத்திய மாகாணத்தில் முதலில் கண்டறியப்பட்ட இந்த நோய் வில்கமுவவையும் விட்டுவைக்கவில்லை. கடினமான கிணற்று நீரா, விவசாய நச்சா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா என்று காரணங்களை இன்றும் ஆராய்கிறார்கள். அப்பச்சியைக் கிளினிக்குக் கூட்டிப்போகிற நாளில் அம்மாவின் கூலி போய்விடும்.

அந்த நாளில் அவருடைய வயலைப் பார்த்தது அயற்பெண்கள். 'அத்தம்' என்று ஒரு முறை அங்கே உண்டு. இன்று உன் வயலில் நான் வேலை செய்வேன், நாளை என் வயலில் நீ. காசு கைமாறாது, கணக்கு மனதில் இருக்கும். மரண உதவிச் சங்கமும் உண்டு. சாவு வீட்டில் கதிரை முதல் சாப்பாடு வரை சங்கம் பார்த்துக்கொள்ளும். திரும்பி வந்து எங்கள் பகுதியில் மகளிர் குழுக்களோடு வேலை தொடங்கியபோது, புத்தகத்தில் படித்ததை விட இந்த இரண்டும்தான் எனக்குக் கைகொடுத்தன.

திரும்பிய பாதை

திரும்பும்போது வேறு பாதை எடுத்தோம். லக்கலை, றிவர்ஸ்டன், ரத்தோட்டை வழியாக மாத்தளை. லக்கலைப் பல்லேகம என்ற பழைய கடைத்தெருவில் தேநீர் குடித்தோம். களுகங்கை அணைக்காக எழும்ப வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். இன்று அந்தக் கடைத்தெரு இல்லை. 2018இல் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது, புதிய லக்கலை நகரம் வேறிடத்தில் எழுந்தது. நாங்கள் குந்தியிருந்து தேநீர் குடித்த அந்த வாங்கு கிடந்த இடத்தில் இப்போது தண்ணீர்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "சாப்பாடு ஒழுங்காத் தந்தவையோ?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. பிள்ளைகளே, சொல்லாமல் போகாதீர்கள். நீங்கள் சொன்னால் அம்மா ஒரு மாதம் பயப்படுவார். மறைத்தால் அதன்பிறகு நீங்கள் போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் பயப்படுவார்.

அடுத்த தையில் அம்மா பனங்கட்டியும் ஒடியலும் கட்டித் தந்து, "அந்த மனிசிக்கு அனுப்பு" என்றார். வில்கமுவவிலிருந்து தோடம்பழம் வந்தது. பிறகு 2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்தபோது அம்மாவும் போய் இருந்தார். இன்றும் பதில் இல்லை. ஒரு பயணம் எங்கள் இழப்பைக் குறைத்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது பயம் மட்டும்தான். ஆனால் அந்தப் பயம் குறைந்ததால்தான் எனக்குப் படிப்பை முடிக்க முடிந்தது. சிங்களத்தில் கடிதம் எழுதவும், அலுவலகங்களில் நிமிர்ந்து நின்று பேசவும் முடிந்தது. எங்கள் குழுப் பெண்களின் படிவங்களை இன்று நான் நிரப்பிக் கொடுப்பதும் அந்தக் குசினிச் சிங்களத்தில்தான்.

தாய்மாருக்கு

பஸ் யன்னலால் பார்த்த ஊரும் வீட்டில் தங்கிப் பார்த்த ஊரும் ஒன்றல்ல. என் அமெரிக்கத் தோழியின் அம்மாவும், இலங்கை என்றதும் போர் நடந்த நாடு என்று பயந்து அழுதவராம். ஆனாலும் விட்டார். பயப்படாத தாய் எங்கும் இல்லை.

பயத்தோடு செய்யக்கூடியவை சில உண்டு. பதிவு நாளில் பிள்ளையோடு நீங்களும் போங்கள். விடுதியை உங்கள் கண்ணால் பாருங்கள். முன்பு அங்கே படித்த பிள்ளைகளின் தாய்மாரைத் தேடிப் பேசுங்கள். மகாபொல உதவிப்பணத்துக்கு நேரத்தோடு விண்ணப்பியுங்கள். பகிடிவதை என்ற கொடுமை இருக்கிறது. அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி, நடந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள். விடுமுறையில் ஒரு சிங்களத் தோழியை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். கூழ் காய்ச்சிக் கொடுங்கள்.

கூட்டத்தில் என்னைக் கேட்ட அந்த அம்மா கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேராதனைக்கு விடியப்புறம் எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டார். பிள்ளைக்காகக் கேட்கிறார் என்று நினைத்து நேரத்தைச் சொன்னேன்.

"இரண்டு சீற் வேணும்" என்றார். "நானும் ஒருக்கா இறங்கிப் பாக்கவேணும்."